கருமருந்தும் சகலை வீடும்

இந்த வருஷமும் ஸ்போகேனில் இருக்கும் சகலை வீட்டுக்குப் போவதில்லை என்று டெல்மர் ஸ்டென்சன் சங்கல்பம் செய்துகொண்டார். மனைவி ஆர்டிஸிடம் நேராகச் சொன்னால் வீட்டில் குடியிருக்க முடியாது. அதற்காகத்தான் அந்தத் துப்பாக்கி இருந்தது.

எருமை வேட்டைக் காலத்து மாதிரியில் புதுசாகச் செய்த துப்பாக்கி. மொன்டானாவில் அதை வைத்துக் குறி பார்த்துச் சுடுகிறவனுக்குத் தனி மரியாதை. கடைத் தோட்டாவைப் போட்டால் கேவலம். பித்தளைக் குப்பியில் கருமருந்தைத் தானே அளந்து கொட்டி, அமுக்கி, மெழுகு பூசிய ஈயக்குண்டைச் செருக வேண்டும். குண்டெல்லாம் ஒரே இடத்தில் விழும்வரை மருந்தை மாற்று, சுடு. மெழுகை மாற்று, சுடு. சாக்குச் சொல்ல நினைக்கிறவனுக்கு ஆயுசுக்கும் போதுமான வேலை.

"மருந்து ஒத்து வரட்டும் ஆர்டிஸ், மறுநாளே ஸ்போகேனுக்கு வண்டியைக் கிளப்பிடறேன்."

"நாலு வருஷமா ஒத்து வராத மருந்து என்ன மருந்துங்க? டாக்டர் குடுக்கறதே நாலு நாள்ல கேக்குது!"

"இதெல்லாம் உனக்குப் புரியாது."

"எனக்குப் புரிஞ்சதெல்லாம் நாத்தம்தான். பாத்திரம் கழுவற தொட்டியில உங்க குப்பிங்க ஊறுது. அழுகின முட்டை தேவலை. பிஸ்கட் தட்டுல மெழுகோட கலக்கற மாட்டுக்கொழுப்பு. இது வீடா, வெடிக்கிடங்கா?"

டெல்மரைக் கேட்டால், எந்த நாற்றமும் சகலை லாயிடுக்கு ஈடாகாது. லாயிட் சாப்பிட உட்கார்ந்தால் மீன் பிடித்த கதை ஆரம்பமாகும். முழங்கை நீள மீன், சூப் ஆறுவதற்குள் ஆளுயரம் ஆகிவிடும். ஆர்டிஸின் அக்காள் புருஷன் ஆயிற்றே, பொய் என்று சொல்லவும் முடியாது.

ஒரு நாள் காலையில் ஆர்டிஸ் காப்பிக் கோப்பையைக் கீழே வைத்தாள். "எனக்கு எங்க அக்காவைப் பாக்கணும். இடுப்பு ஆபரேஷன் பண்ணிக்கிட்டாளே, அப்பக்கூட நான் பக்கத்துல இல்லை." கண் கலங்கிவிட்டது.

டெல்மருக்கு மனசு இளகியது. அடுத்த நொடி லாயிட் ஞாபகம் வந்து இறுகிக்கொண்டது.

"தேன்மெழுகு சரியில்லைன்னு தோணுது. லூயிஸ்டவுன் போய் வேற வாங்கிட்டு வந்துடறேன்."

"போயிட்டு வாங்க," என்றாள் ஆர்டிஸ். சண்டையே போடவில்லை! புத்தியுள்ளவனாக இருந்தால் அங்கேயே பயந்திருப்பான். இவர் விசிலடித்துக்கொண்டு வண்டியை எடுத்தார்.

சனிக்கிழமை மேய்ச்சல் வெளிக்குச் சுடப் போனார்கள். ஒவ்வொரு வெடிக்கும் வெள்ளைப் புகை எழும்பி டெல்மரையே விழுங்கியது. துப்பாக்கிக்குள்ளே கரி காய்ந்துவிடக் கூடாது என்று குழலை வைத்து ஊதினார், ஈர விறகோடு மல்லுக்கட்டுகிறவர் மாதிரி. தொலைநோக்கியில் பார்த்துச் சொல்வது ஆர்டிஸ் வேலை. இவருக்கு முட்டிவலி, அதனால் எதிர்க்கோடிக்கு நடந்துபோய்க் குறி அட்டையை எடுத்து வருவதும் அவள்தான்.

"எங்க விழுந்துச்சு?"

"நடுவுல."

"இது?"

"அதே இடம்தான்."

"ஏய், நல்லாப் பாத்துச் சொல்லு!"

"நீங்க இப்படிச் சுட்டா நான் வேற என்னங்க சொல்றது?"

அட்டை வந்தது. அத்தனை ஓட்டையையும் ஒரு காப்பிக் கோப்பையைக் கவிழ்த்து மூடிவிடலாம். டெல்மர் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறந்ததிலிருந்து அவர் இப்படிச் சுட்டதில்லை. சந்தேகப்பட்டிருக்க வேண்டும்தான், ஆனால் தன்னைப் புகழ்கிற சாட்சியை எவன் குறுக்கு விசாரணை செய்வான்?

வீடு திரும்பும்போதுதான் மண்டையில் உறைத்தது. மருந்து ஒத்து வந்துவிட்டது என்றால் ஸ்போகேன்!

"ஏதோ குருட்டாம்போக்குல விழுந்திருக்கும்," என்று முனகிப் பார்த்தார். ஆர்டிஸ் அட்டையை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள்.

மறுநாள் சர்ச் விருந்தில் அவர் தட்டை எடுப்பதற்குள் அந்த அட்டை மேஜை மேஜையாகப் போய்க்கொண்டிருந்தது. அடுத்த பண்ணை ஆர்விட் அதைத் தூக்கிப் பிடித்தார்.

"டெல்மர், நிஜத்தைச் சொல்லுய்யா. இது குருட்டு அதிர்ஷ்டமா, சரக்கு இருக்கா?"

ஊரே முள்கரண்டியை நிறுத்திவிட்டுப் பார்த்தது. அதிர்ஷ்டம் என்றால் லாயிடிடமிருந்து தப்பலாம், மானம் போகும். சரக்கு என்றால் மானம் நிற்கும், லாயிடிடம் மாட்ட வேண்டும். டெல்மர் வியர்த்தார்.

"சரக்குதான்யா! அதுல என்ன சந்தேகம்?"

"அப்ப மருந்து ஒத்து வந்துடுச்சு," என்று ஆர்டிஸ் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள். "நாளைக்கே ஸ்போகேன் கிளம்பறோம்."

ஸ்போகேனில் அக்காளும் தங்கையும் கட்டிக்கொண்டு அழுதார்கள், உடனே சிரித்தார்கள். பார்த்த டெல்மருக்கே சந்தோஷமாக இருந்தது. சாப்பாட்டு மேஜையில் லாயிட் முதல் மீனைத் தூண்டிலில் மாட்டுவதற்குள் இவர் அட்டையை எடுத்து விரித்தார். மருந்து, அமுக்கம், குண்டு, மெழுகு என்று உருளைக்கிழங்கு ஆறும்வரை அளந்தார். லாயிட் ஆயுசில் முதல்முறையாக வாயை மூடிக்கொண்டிருந்தார். அடடா, இதற்காக எத்தனை மைல் வேண்டுமானாலும் வரலாமே!

"எல்லாம் சரி சகலை," என்றார் லாயிட் கடைசியில், மரியாதையாக. "இத்தனையில எதனால குண்டெல்லாம் இவ்வளவு நெருக்கமா விழுந்துச்சு?"

"அதுதான் சகலை, எனக்கே இன்னும் பிடிபடலை."

குழம்பு ஊற்ற வந்த ஆர்டிஸ் அவர் காதோரம் குனிந்தாள்.

"நீங்க மெழுகு வாங்கப் போனப்ப, இந்த அட்டைக்குப் பக்கத்துல நின்னு நானே சுட்டு வெச்சிருந்தேன், சனிக்கிழமை இதைத்தான் மாத்திக் குடுத்தேன். அதனாலதான்."