மழையில் உப்பு இல்லை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் செய்த மழைமணியில் எந்தக் கோளாறும் இல்லை. கோளாறு மழையில்தான். ஒன்பது வருஷமாக இதைத்தான் சொல்லி வருகிறேன். ஒருத்தரும் காதில் போட்டுக்கொள்வதில்லை.

அண்ணனுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. எஸ்டேட் தோட்டத்தை விட்டு பெம்பான் ஊருக்குக் குடிவந்த பிறகு எங்கள் வீட்டில் நடக்கும் முதல் கல்யாணம். பழைய தோட்டத்து ஜனங்கள் ஆளுக்கொரு பக்கம் சிதறிக் கிடந்தார்கள். அத்தனை பேர் வீட்டுக்கும் நேரில் போய், வெற்றிலைத் தட்டில் வைத்துப் பத்திரிகை கொடுக்க வேண்டும் என்பது அம்மாவின் ஆசை. முந்நூறு பத்திரிகை. நாலு மூலையிலும் தடவ மஞ்சளைத் தாராளமாகக் குழைத்துவிட்டார். அப்படியே அடுக்கினால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அதனால் தடவிய கையோடு வெயிலில் காயவைப்பது என்று முடிவானது.

நான் அப்போது பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் இரண்டாம் வருஷம். (அந்தத் திமிரை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.) "நீ காவலுக்கு உக்கார வேணாம்மா. ஒரு சொட்டு விழுந்தா மெஷினே கத்தும்," என்று சொல்லி, ஆன்லைனில் வாங்கிய கிட்டைப் பிரித்தேன். ஒரு சின்னத் தகடு, அதில் தண்ணீர் பட்டால் அலறும் பஸ்ஸர், ஒரு பேட்டரி. ஈயத்தால் பற்றவைக்க ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை.

தகட்டில் ஃபில்டர் தண்ணீரைச் சொட்டினேன். மூச்சில்லை. பேட்டரியை மாற்றினேன். டிரான்சிஸ்டரின் கால் மாறிவிட்டதோ என்று பிடுங்கித் திருப்பி வைத்தேன். பிறகு சந்தேகம் வந்து பழையபடியே வைத்தேன். பற்றவைத்த இடத்தையெல்லாம் உருக்கி மறுபடி ஒட்டினேன். விரலில் இரண்டு கொப்புளம் வந்ததுதான் மிச்சம்.

"என்னடி, ஊமையா இருக்கு?" என்றான் அண்ணன்.

"உன் வாய் ஒண்ணு போதும் இந்த வீட்டுக்கு."

அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே சாப்பிட உட்கார்ந்தேன். கோபத்தில் பிசைந்த பிசையில் ரசம் தெறித்துத் தகட்டில் விழுந்தது. வீடே அதிரக் கத்தியது பாருங்கள்! அம்மா கரண்டியைக் கீழே போட்டுவிட்டார். தண்ணீருக்குக் கத்தாதது ரசத்துக்கு ஏன் கத்தியது என்று யாராக இருந்தாலும் யோசித்திருப்பார்கள். நான் யோசிக்கவில்லை. "லூஸ் கனெக்‌ஷன்தான். சரியாயிடுச்சு," என்று துடைத்து வைத்துவிட்டேன்.

மறுநாள் வாசலில் பாய் விரித்து முந்நூறையும் பரப்பி, நடுவில் தகட்டை வைத்து, பஸ்ஸரை வயரோடு ஹாலுக்கு இழுத்துக்கொண்டேன். அம்மாவைப் போய்ப் படுக்கச் சொன்னேன். மூன்று மணிக்கு எழுந்து வந்தார்.

"ஏண்டி, மழ சத்தம் கேக்குது லா."

"இல்லம்மா. பக்கத்து வீட்டுல வடை சுடுறாங்க."

"வடைய இவ்ளோ சத்தமாவா சுடுவாங்க?"

"மழைன்னா மெஷின் அடிக்கணும். அடிக்கலையே! அப்ப மழை இல்ல."

(ஜன்னல் திரை இரண்டே அடி தூரத்தில்தான் இருந்தது. ஆனால் விலக்கிப் பார்த்தால் என் மெஷினை நானே நம்பவில்லை என்று ஆகிவிடுமே!)

இடி இடித்ததும் அம்மா கதவைத் திறந்தார். பாய் முழுக்க மஞ்சள் வெள்ளம். அண்ணன் பெயர் கரைந்து மணமகள் பெயர் மேல் வழிந்திருந்தது. அம்மா திட்டவில்லை. நனைந்த பத்திரிகைகளை மடியில் அள்ளிக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்து அழுதார். அந்த நேரத்தில் ஒரு நல்ல மகள் காலில் விழுந்திருப்பாள். நான் தகட்டைத் தூக்கிக்கொண்டு மழையில் நின்றேன். சத்தமில்லை. சமையலறைக்கு ஓடி ரசம் விட்டேன். அலறியது.

"அம்மா! மழையில உப்பு இல்லம்மா! உப்பு இருந்தாதான் கரண்ட் நல்லா ஓடும்!"

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார். "அப்படியா? இந்தப் பத்திரிகையத்தான் குடுக்கப் போறேன். நீயும் வா. வீடு வீடா இத நீயே சொல்லு."

மறுபடி அச்சடிக்க நாளும் இல்லை. காயவைத்து, இஸ்திரி போட்டு எடுத்துக்கொண்டு கிளம்பினோம். எல்லாரும் நான் மன்னிப்புக் கேட்பேன் என்று நினைத்தார்கள். மன்னிப்பா? நானா? விளக்கம் கொடுத்தேன். பத்தாவது வீட்டில், "நம்பலன்னா கொஞ்சம் ரசம் குடுங்க அத்தை," என்று செய்தே காட்டினேன். புலாவ் செபாங் ஊருக்குப் போய்ச் சேர்வதற்குள் அம்மாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. "ஏய், அந்த மெஷின எடுத்துக் காட்டுடி," என்று அவரே ஆரம்பித்தார்.

கல்யாணத்துக்கு ஒரு குடும்பம் பாக்கியில்லாமல் வந்தார்கள். சாப்பிட்டுப் போகும்போது ஒரு மாமா என் கையில் ஒரு பாக்கெட் உப்பை வைத்து, "அடுத்த மழைக்குப் போட்டுக்கம்மா," என்றார். மண்டபமே சிரித்தது. அன்று பிடித்துக்கொண்டது இந்த வழக்கம். எந்த விசேஷத்துக்குப் போனாலும் யாராவது ஒருவர் எனக்கு உப்புப் பாக்கெட் கொடுக்காமல் விடுவதில்லை. என் கல்யாணத்தில் மட்டும் பதினேழு.

சிரிக்கட்டும். ஒன்பது வருஷமாக நான் கடையில் உப்பு வாங்கியதே இல்லை. இப்போது சொல்லுங்கள், தோற்றது யார்?