மீன் மணக்கும் சாவிப் பலகை

கரப்பான் பூச்சியைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

உயிருள்ள கரப்பான் அல்ல, பிளாஸ்டிக் கரப்பான். முதுகில் 'கதிர் பெஸ்ட் கன்ட்ரோல், செவன் ஹில்ஸ்' என்ற பெயரும் தொலைபேசி எண்ணும் இருக்கும். வாலில் சாவி கோர்க்க ஒரு வளையம். வயிற்றை அமுக்கினால் கண் இரண்டும் சிவப்பாக எரியும். தன் சொந்த மூளையில் உதித்த யோசனை என்று கதிர்காமநாதன் கண்டவரிடமெல்லாம் பெருமையடித்த சாமான் அது. ஐந்நூறு செய்வித்தார். நானூற்று அறுபது இன்னும் கராஜில்தான் கிடக்கின்றன.

கரப்பானோடு ஒரு கடிதமும் வந்திருந்தது. பிளாக்டவுன் பக்கத்தில் ஐந்து குழந்தைப் பராமரிப்பு நிலையங்களை நடத்தும் கொலீன் என்ற அம்மையார் எழுதியிருந்தார். ஐந்து நிலையங்களுக்கும் பூச்சித் தடுப்பு வேலையை ஒரே நிறுவனத்திடம் கொடுக்கப் போகிறார்களாம். கடைசிச் சுற்றில் நிற்பது இரண்டே பேர்: கதிர்காமநாதனும் பரமட்டாவில் இருக்கும் ஒரு கம்பனியும். சுற்றாடலை மதிக்கும் நிறுவனத்தைத்தான் விரும்புகிறார்கள். ஒக்டோபரில் குடும்ப விழா. பெற்றோருக்குக் கொடுக்க, பூமியைக் கெடுக்காத ஏதாவது ஒரு விளம்பரப் பரிசோடு வரவேண்டும். கரப்பானை இத்துடன் திருப்பி அனுப்புகிறோம், நன்றி.

"அப்பா, ஐ டோல்ட் யூ. இட்ஸ் நொட் சஸ்டெய்னபிள்," என்றாள் மகள் தர்சினி. கார்பன் வரி பற்றி டிவியில் பேச்சு அடிபடத் தொடங்கிய நாளிலிருந்து அவளுக்கு வீட்டில் எதைப் பார்த்தாலும் இதே வசனம்தான். போன கிழமை தேப்பனின் மீசையைப் பார்த்தும் சொன்னாள்.

கதிர்காமநாதனுக்கு இந்த வேலை கிடைத்தே ஆகவேண்டும். காரணம் அவருடைய முழங்கால். பூச்சிக்காரனின் பிழைப்பில் பாதி வீடுகளுக்கு அடியில்தான். தரைப் பலகைக்கும் மண்ணுக்கும் இடையில் முழ உயர இடைவெளியில், வாயில் டோர்ச்சைக் கவ்வியபடி, வயிற்றால் ஊர்ந்து போகவேண்டும். ஐம்பத்து நான்கு வயதில் உள்ளே போவது ஒரு மாதிரி நடந்துவிடுகிறது. வெளியே வருவதுதான் பாடு. போன மாதம் ஒரு வீட்டுக்கார வெள்ளையர் இரண்டு காலையும் பிடித்து இழுத்து எடுத்தார்.

"இது மட்டும் கிடைக்கட்டும் விமலா, கீழ பூருறதுக்கு ஒரு ஆளைப் போடுறன். அதுக்குப் பிறகு நான் கதிரையில இருந்து போன் மட்டும்தான் எடுப்பன்," என்று மனைவி விமலாதேவிக்குச் சத்தியம் செய்து கொடுத்தார்.

"முதல்ல அந்தக் கரப்பானுகளை என்ர கண்ணில படாமல் எங்கையாவது வையுங்கோ," என்றார் விமலாதேவி.

முதல் முயற்சி, துணிப் பை. இருநூறு பருத்திப் பைகள் வந்து இறங்கின. ஒவ்வொரு பையையும் ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு, பத்துப் பத்தாக இன்னொரு பிளாஸ்டிக்கில் சுற்றி, எல்லாவற்றையும் ஒரு பெரிய பிளாஸ்டிக்கில் கட்டியிருந்தார்கள். பூமியைக் காப்பாற்ற வந்த பைகளைப் பிளாஸ்டிக்கிலிருந்து காப்பாற்றவே ஒரு பின்னேரம் போயிற்று. குப்பைத் தொட்டி நிறைந்து, பக்கத்து வீட்டுத் தொட்டியிலும் போட்டார்.

விமலாதேவி ஒரு பையை விரித்துப் பார்த்தார். நடுவில், மல்லாந்து கிடந்து கால்களை உதறும் ஒரு பெரிய கரப்பான்.

"இதுக்குள்ள ஆரப்பா மரக்கறி வாங்குவினம்?"

"அது செத்த கரப்பான், விமலா."

"செத்த கரப்பானுக்குப் பக்கத்திலயோ கத்தரிக்காயை வைக்கிறது?"

பைகள் கரப்பான்களுக்குப் பக்கத்தில் போய்ச் சேர்ந்தன.

அடுத்தது விதைக் காகிதம். காகிதத்துக்குள்ளேயே பூச்செடி விதை இருக்கும். படித்து முடித்ததும் மண்ணில் புதைத்தால் பூப் பூக்கும். இணையத்தில் பார்த்து உருகிப்போனார். முந்நூறு அட்டைகள் அச்சடித்துக் கராஜில் அடுக்கினார். நான்காம் நாள் பெட்டியைத் திறந்தபோது ஒவ்வொரு அட்டையிலும் ஏழெட்டு ஓட்டைகள். எலிகள் விதைகளைப் பொறுக்கித் தின்றுவிட்டு, தொலைபேசி எண்ணின் கடைசி மூன்று இலக்கங்களையும் கொண்டுபோய்விட்டன. பூச்சி, எலி ஒழிப்பதில் பதினாறு வருட அனுபவம் என்று மிஞ்சிய பாகத்தில் தெளிவாக எழுதியிருந்தது.

"ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதையும்," என்றார் மனைவியிடம்.

"எனக்கென்ன விசரே? எலி பிடிக்க வேற ஆரையாவது கூப்பிடுவமோ?"

விழாவுக்கு இரண்டு கிழமை இருந்தபோதுதான் தேவராஜா அகப்பட்டார். ஓய்வுபெற்ற என்ஜினியர். செவன் ஹில்ஸ் தொழிற்பேட்டையில் சாமான் இறக்கியபின் வீசிவிடும் மரத்தட்டுகளைக் காரில் ஏற்றி வந்து, தன் கராஜில் ஸ்டூல் செய்வது அவருடைய பொழுதுபோக்கு. அந்த ஸ்டூல்களில் இருந்தவர்கள் மறுபடி அவர் வீட்டுக்குப் போவதில்லை.

"கதிர், சின்னச் சின்னச் சாவிப் பலகை செய்து தாறன். மூண்டு கொளுக்கி, மேல உம்மட பெயர், நம்பர். எல்லாம் குப்பையில போற மரம். இதைவிடப் பச்சை என்ன வேணும்?"

நூற்றிருபது பலகைகள். பெயரைச் சுடுகம்பியால் எழுதியிருந்தார். பின்பக்கத்தில், 'பழைய மரம், இரசாயனம் எதுவும் சேர்க்கப்படவில்லை'. கதிர்காமநாதனுக்குக் கண் கலங்கிவிட்டது. தன் பெயர் மரத்தில் இவ்வளவு அழகாக இருக்கும் என்று அவர் நினைத்ததில்லை. ஒவ்வொரு பலகையிலும் எழுத்துப் பிழை இருக்கிறதா என்று மட்டும் பார்த்து வேனில் ஏற்றினார்.

வீட்டுக்கு வந்து இறக்கியபோது வேனின் தரையில் மாவு கொட்டிக் கிடந்தது. புட்டு மாவிலும் பார்க்க மென்மையான மா.

அது என்னவென்று உலகத்தில் வேறு யாருக்குத் தெரியாவிட்டாலும் அவருக்குத் தெரியும். மரத்தைத் துளைக்கும் பூச்சி. உள்ளே இருந்து தின்று தின்று வெளியே தள்ளுகிற மா. பூச்சி ஒழிப்பவர் தன் பெயரையும் எண்ணையும் எழுதி, வீட்டுக்கு வீடு பூச்சி கொடுக்கப் பார்த்திருக்கிறார்!

மருந்து அடிக்கலாம், ஐந்து நிமிட வேலை. ஆனால் பின்பக்கத்தில் தேவராஜா சுட்ட எழுத்து அவரைப் பார்த்துச் சிரித்தது. மருந்தில்லாமல் கொல்ல ஒரு வழிதான் உண்டு. மூன்று நாள் உறைகுளிரில் வைத்தால் முட்டை முதற்கொண்டு சாகும்.

விமலாதேவியின் பெரிய ஃப்ரீசர் கராஜின் மூலையில் இருந்தது. அதற்குள் விளைமீன், நண்டு, துருவிய தேங்காய், முருங்கை இலை, எல்லாவற்றுக்கும் அடியில் இரண்டு முழுத் திருக்கை.

"என்ர ஃப்ரீசருக்குள்ள மரக்கட்டையோ?"

"ஒன்பது நாள் விமலா. நாப்பது நாப்பதா மூண்டு தரம். என்ர முழங்காலை நினைச்சுப் பாரும்."

முழங்காலைச் சொன்னதும் விமலாதேவி இளகினார். முதல் நாற்பதும் இரண்டாம் நாற்பதும் ஒழுங்காக உறைந்தன. மூன்றாம் நாற்பதை வைத்த மறுநாள் கதிர்காமநாதன் வேலையால் வந்து பார்த்தால், நூற்றிருபது பலகைகளும் ஒரே குவியலாகத் தரையில் கிடந்தன.

"மீன் மலிவெண்டு வாங்கிப்போட்டன், வைக்க இடமில்லை," என்றார் விமலாதேவி. "ஒரு நாள் குளிர் காணும்தானே? பூச்சிதானே, மலையே?"

எது மூன்று நாள் உறைந்தது, எது ஒரு நாள் உறைந்தது என்று கண்டுபிடிக்க வழியில்லை. மறுபடி உறையவைக்க நாளும் இல்லை. பூதக்கண்ணாடி வைத்து ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தார். மா விழவில்லை. செத்திருக்கும் என்று தன்னைத் தேற்றிக்கொண்டார். தேற்றிக்கொள்வதில் அவருக்கு நல்ல பழக்கம் உண்டு.

ஆனால் பலகை மணத்தது. அசல் திருக்கை மணம்.

"சாம்பிராணி போட்டால் போகும்," என்றார் விமலாதேவி. கராஜை அடைத்துவிட்டுச் சாம்பிராணி போட்டார்கள். புகை கதவிடுக்கால் வெளியே வந்ததைக் கண்ட எதிர்வீட்டுக்காரர் தீயணைப்புப் படையைக் கூப்பிட்டுவிட்டார். தலைக்கவசத்தோடு வந்த நான்கு பேரிடமும் கதிர்காமநாதன் மன்னிப்புக் கேட்டு, ஆளுக்கொரு சாவிப் பலகையும் கொடுத்து அனுப்பினார். அதன்பிறகு பலகை திருக்கை மணம் போகாமல், சாம்பிராணியும் சேர்ந்து மணத்தது.

விழா நாளில் கொலீன் ஒரு பலகையைக் கையில் எடுத்தார். அழகாக இருக்கிறது என்றார். பிறகு மூக்கைச் சுருக்கினார்.

"இது என்ன மரம்?"

"கிழக்குப் பக்கத்து மரம்," என்றார் கதிர்காமநாதன்.

நிலையத்தில் சமையல் செய்யும் சுரையாவுக்கு ஊர் நாகூர். அவர் ஒரு தரம்தான் மோந்தார். "அண்ணே, இதுல திருக்கை வாசம் வருதே?"

"மெதுவாக் கதையுங்கோ தங்கச்சி."

பரமட்டா கம்பனிக்காரர் பழைய பத்திரிகைத்தாளில் செய்த பென்சில்களோடு வந்திருந்தார். பென்சிலை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. மணம் அடித்தாலும் பலகைகள் ஒன்றும் மிஞ்சாமல் போயின. அந்த மனிதரே வந்து ஒரு பலகையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, யார் செய்தது என்று கேட்டார். எதிரியே மெச்சுகிறானே என்ற சந்தோஷப் புளுகத்தில் கதிர்காமநாதன் தேவராஜாவின் எண்ணை எழுதியே கொடுத்தார்.

அதன்பிறகு ஐந்து கிழமை ஒரு செய்தியும் இல்லை. நவம்பரில் இங்கே கோடை வெயில் ஏற ஏற அவருக்கு நித்திரை குறைந்தது. அந்த நாற்பது பலகைகள் எந்த நாற்பது வீட்டில் தொங்குகின்றனவோ?

ஒரு காலை தொலைபேசி அடித்தது. கொலீன்.

"கதிர், இங்கே சாவிப் பலகைக்குக் கீழே மா மாதிரிக் கொட்டிக்கிடக்கிறது. உடனே வரமுடியுமா? உங்கள் லைசன்ஸ் பத்திரத்தையும் கொண்டுவாருங்கள்."

லைசன்ஸ்! பிடுங்கப் போகிறார்கள். கதிர்காமநாதன் கதிரையில் தொப்பென்று இருந்தார்.

"என்னப்பா?" என்று கேட்ட விமலாதேவியிடம், "ஒரு நாள் குளிர் காணேல்ல," என்று மட்டும் சொல்லிவிட்டு வேனை எடுத்தார்.

கொலீனின் அறையில் சுவரோரமாக ஒரு கைப்பிடி மா. மேலே இரண்டு ஆணி ஓட்டைகள். பலகையைக் கழற்றி, கறுப்புக் குப்பைப் பைக்குள் போட்டு இறுகக் கட்டி மூலையில் வைத்திருந்தார்கள். மேசையில் ஒரு கோப்பும் பேனாவும். கண்ணாடிக் கதவுக்கு அப்பால் மர அலுமாரியில் குழந்தைகளின் சின்னச் சப்பாத்துகள் வரிசையாக இருந்தன.

பேசாமல் துடைத்துவிட்டுப் போயிருக்கலாம். வேறெங்கோ இருந்து வந்த பூச்சி என்று வாய்கூசாமல் சொல்லியிருக்கலாம். ஆனால் அந்தச் சப்பாத்துகளைப் பார்த்தபிறகு அவரால் அது முடியவில்லை.

"கொலீன், நான் ஒரு உண்மையைச் சொல்லவேண்டும்."

"கதிர், முதலில் நான்..."

"தயவுசெய்து என்னைத் தடுக்காதீர்கள். தடுத்தால் பிறகு எனக்குத் தைரியம் வராது."

எல்லாவற்றையும் சொன்னார். வேனில் கொட்டிய மா, ஃப்ரீசர், திருக்கை, ஒரே ஒரு நாள் உறைந்த நாற்பது பலகை, சாம்பிராணி, தீயணைப்புப் படை. கொலீன் இரண்டு தரம் வாயெடுத்தார். இரண்டு தரமும் இவர் கையைக் காட்டி நிறுத்தினார். எலிகள் தின்ற அட்டையைப் பற்றி யாரும் கேட்கவில்லை. அதையும் சொன்னார்.

கொலீன் பேனாவை எடுத்து மூடியைப் போட்டார். கோப்பை மூடி மேசை லாச்சிக்குள் வைத்தார்.

"அப்படியானால் இரண்டு பேரையும் விட்டுவிட்டு, முதலிலிருந்து தொடங்கவேண்டியதுதான்," என்றார் மெல்ல. "உண்மையைச் சொன்னதற்கு நன்றி, கதிர்."

இரண்டு பேரையும் ஏன் என்று யோசிக்கிற நிலையில் கதிர்காமநாதன் இல்லை. வெளியே வந்தபோது உடம்பு பஞ்சாக இருந்தது. வேலை போனது போனதுதான். முழங்கால் இன்னும் பத்து வருடம் வீடுகளுக்கு அடியில் தேயத்தான் போகிறது. ஆனாலும் ஒரு மனிதன் நிமிர்ந்து நின்று தன் பிழையை ஒப்புக்கொண்டிருக்கிறான். இதை விமலாதேவியிடம் எப்படிச் சொல்வது, தர்சினியிடம் எப்படிச் சொல்வது என்று வசனங்களை அடுக்கியபடி வேன் கதவைத் திறந்தார். நேர்மை என்ற சொல்லை இரண்டு இடத்தில் போடுவதாக முடிவு செய்திருந்தார்.

"அண்ணே, நில்லுங்கண்ணே!"

சுரையா மூச்சிரைக்க ஓடிவந்தார். கையில் அந்தக் கறுப்புப் பை.

"இதைக் குடுக்கச் சொன்னவையோ? தாருங்கோ தங்கச்சி. என்ர பாவத்தை நானே கொண்டுபோறன்."

"பிரிச்சுப் பாருங்கண்ணே."

பிரித்தார். அதே மரம், அதே மூன்று கொளுக்கி, அதே சுடுகம்பி எழுத்து. பலகை முழுக்கச் சல்லடையாக ஓட்டைகள். மேலே பரமட்டா கம்பனியின் பெயர்.

"போன வாரம் அந்த ஆளே வந்து மாட்டிட்டுப் போனதுண்ணே," என்றார் சுரையா. "உங்க பலகை மீன் வாடை தாங்கலைன்னு நான்தான் அன்னைக்கே பின்கதவுல ஆணியடிச்சு வச்சேன். இப்பவும் ஒரு ஓட்டை இல்லாம கல்லு மாதிரி இருக்கு. மேடம் உங்களக் கூப்பிட்டதே ஒப்பந்தத்துல கையெழுத்து வாங்கத்தாண்ணே!"