பதினேழாவது எண்

மழை வேண்டுமா வெயில் வேண்டுமா என்றுகூடக் குடிமக்களைச் சிரமப்படுத்தாமல், எல்லாவற்றையும் அரண்மனையே முடிவு செய்துவந்த நாடு ஒன்று இருந்தது. பெயர் பரிவாபுரி. மக்கள்மீது அந்த அரசுக்கு அப்படியோர் அக்கறை. அது முதன்முதலில் போய் விழுந்தது மாசிலாமணியின் தலையில்.

மாசிலாமணி ஊர்க் கோபுரத்தில் மணியடித்தவர். பக்கவாதம் வந்து ஒரு பக்கம் செயலிழந்துபோக, அரசுப் பராமரிப்பு இல்லத்தில் சேர்த்தார்கள். புத்தியில் ஒரு குறையும் இல்லை. பேச்சுதான் தாமதம். கேள்வி காதில் விழுந்து, பதில் வாய்க்கு வந்து சேரப் பதினேழு எண்ணும் நேரம் ஆகும், அவ்வளவுதான். அவருடைய ஆசையும் பெரிதில்லை. காலையில் பழைய சோறும் சின்ன வெங்காயமும்.

அதைக் கண்டுபிடித்தவள் பணிப்பெண் சிவகாமு. இல்லத்தின் வெல்லக் கஞ்சியைக் கண்டு அவர் முகத்தைத் திருப்பியபோது, "வேற என்னண்ணே வேணும்? மெதுவா சொல்லுங்க, எனக்கென்ன அவசரம்" என்று கட்டிலோரம் உட்கார்ந்துவிட்டாள். பதில் வந்தது. மறுநாள் சோறும் வந்தது. மனிதர் கிண்ணத்தை வழித்துச் சாப்பிட்டார். பாவம், எட்டு மாதமாக அவரை ஒருவரும் கேட்கவில்லை.

செய்தி நலவாழ்வு அமைச்சர் சர்வஹிதருக்குப் போனது. எழுத்தரோடும் குடையோடும் நேரில் வந்துவிட்டார்.

"இங்கே ஒருவருக்கு விருப்பம் இருப்பதாக அறிகிறோம். எத்தனை நாளாக இருக்கிறது?" என்று காய்ச்சலை விசாரிப்பதுபோல் விசாரித்தார்.

"பொறந்ததுலேருந்து இருக்குங்க" என்றாள் சிவகாமு.

அமைச்சர் கவலையோடு தலையசைத்து ஓர் ஆணை பிறப்பித்தார். இல்லத்தில் எவரிடமும் எதையும் கேட்டே செய்ய வேண்டும். ஆனால் பத்து எண்ணுவதற்குள் பதில் வராவிட்டால், அதிகாரி சொல்வதே அவருடைய பதில்.

பத்தாவது எண்ணில் மாசிலாமணி உதட்டைக் குவித்துக்கொண்டிருப்பார். "ஒப்புக்கொண்டார்" என்று எழுத்தர் எழுதிவிடுவார். இப்படியே கஞ்சிக்கு ஒப்புக்கொண்டார், மொட்டைத் தலைக்கு ஒப்புக்கொண்டார், மாலை ஐந்து மணிக்கே படுக்கவும் ஒப்புக்கொண்டார். நாட்டிலேயே இணக்கமான குடிமகன் என்று பட்டயம் கொடுத்தார்கள். அழுதுகொண்டே வாங்கினார். ஆனந்தக் கண்ணீர் என்று அதையும் எழுத்தர் குறித்துக்கொண்டார்.

சிவகாமு மட்டும் எண்ண மறுத்தாள். அரசு நேரத்தில் காத்திருந்த குற்றத்துக்காக அவளைச் சமையற்கட்டுக்குத் தள்ளினார்கள். அதன்பிறகு மாசிலாமணியின் வாயைப் பார்த்து உட்கார ஆளில்லை. அவரும் வாயைத் திறப்பதைக் குறைத்துக்கொண்டார். அதுதான் கொடுமை.

இல்லத்துக்கு எதிர்வீட்டு ஜவுளி வியாபாரி ஏகாம்பரம் இதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். "அவங்களுக்கென்ன தெரியும்? அரசாங்கம் பாத்துக்கும்" என்று சொல்லிவிட்டு வேட்டியை உதறி மடித்தார்.

அரசாங்கம் பார்த்துக்கொண்டது. ஏற்பாடு இவ்வளவு அமைதியாக நடப்பதைக் கண்டு மனம் பூரித்து, இல்லத்தின் மதிலை இடித்து நாட்டின் எல்லையில் கட்டினார்கள். ஏகாம்பரத்துக்கும் மொட்டை விழுந்தது. ஏகாம்பரமும் ஐந்து மணிக்குப் படுத்தார்.

அடிமைகளா நம் மக்கள் என்று யாரும் கேட்டுவிடக் கூடாதே. அதற்காக ஐந்தாண்டுக்கு ஒருமுறை தெரிவுத் திருநாள் வைத்தார்கள். மேளமும் தோரணமுமாக மேடை போட்டு, சிவப்புக் கிண்ணமா, நீலக் கிண்ணமா என்று ஒவ்வொருவரையும் கேட்பார்கள். இரண்டிலும் வெல்லக் கஞ்சிதான். பத்துக்குள் சொல்லாதவர், தற்போது நடப்பிலிருக்கும் கிண்ணத்தையே கேட்டதாகக் கணக்கு.

முதல் திருநாளுக்குச் சமையற்கட்டு ஆட்களும் வரவேண்டியிருந்தது. சிவகாமு நேராகப் போய் மாசிலாமணியின் சக்கர நாற்காலியைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு வந்து, வரிசையின் முன்னால் நிறுத்தினாள். பின்னால் ஏகாம்பரம் நின்றார்.

"சிவப்பா, நீலமா?" என்று கேட்டு அமைச்சர் எண்ணத் தொடங்கினார்.

சிவகாமு நாற்காலிக்கு எதிரே மண்டியிட்டாள். "ரெண்டும் வேணாம்னாலும் சொல்லலாம்ணே. நான் இங்கதான் இருக்கேன்."

மாசிலாமணியின் உதடு அசைந்தது.

"ஒன்பது. பத்து" என்று முடித்தார் அமைச்சர். எழுத்தர் பேனாவைத் தாளில் வைத்தார்.

ஏகாம்பரம் கையை நீட்டி அந்தப் பேனாவைப் பிடித்துக்கொண்டார். தன் மொட்டைத் தலையை ஒருமுறை தடவினார்.

"பதினொண்ணு" என்றார்.

அவருக்குப் பின்னால் ஒரு பெண் "பன்னெண்டு" என்றாள். அடுத்தவர் பதின்மூன்று என்றார். அப்படியே வரிசையில் போய்க்கொண்டிருந்தது எண். பதினேழு என்ற குரல் கேட்டதும் மாசிலாமணி நிமிர்ந்தார்.

"பழைய... சோறு."

சிவகாமுவுக்கு அழுகை வந்துவிட்டது.

அமைச்சர் தொண்டையைச் செருமிக்கொண்டு அடுத்தவரிடம் திரும்பினார். "உமக்கு? சிவப்பா, நீலமா?"

ஊரையே பேச்சில் விலைக்கு வாங்கிவிடும் ஏகாம்பரம், ஆற அமரக் கையைக் கட்டிக்கொண்டார்.

"யோசிக்கணும்ங்க."

அமைச்சர் அவரைத் தாண்டிப் பார்த்தார். வரிசை எல்லை மதில்வரை நின்றது. எல்லோரும் யோசித்துக்கொண்டிருந்தார்கள்.