விக்டரின் மூன்றாவது அமாவாசை

"விக்டர், சைட்டு தொறக்கல! வட்டமா ஒண்ணு சுத்திக்கிட்டே இருக்கு!"

போனில் கத்தியவர் தனசேகரன், விக்டரின் முதலாளி. மேல்மலையனூர் அமாவாசைக்குப் போய்வரும் தனி பஸ்களுக்கு இணையத்தில் சீட்டு விற்கும் சின்னக் கம்பெனி அவருடையது. சென்னையை விட்டு நகராத மனிதர். இன்றைக்குத்தான் முதல் தடவையாக அம்மாவை அழைத்துக்கொண்டு அங்கே சாமி கும்பிட வந்திருந்தார். வந்தவர் சும்மா இருக்கக் கூடாதா? கோயில் வாசலில் நின்று தன் கம்பெனி சைட்டையே திறந்து பார்த்திருக்கிறார். பின்னால் பம்பைச் சத்தம் காதைப் பிளந்தது.

விக்டருக்குக் கல்யாணமாகி எட்டு மாதம்தான் ஆகிறது. மனைவி அமுதா செஞ்சியில் டீச்சர். சர்வரை வீட்டிலிருந்தே பார்த்துக்கொள்கிறேன் என்று கெஞ்சிக் கூத்தாடி, அவன் செஞ்சிக்கு வந்து சேர்ந்திருந்தான். அதற்கும் முதலாளி ஒரு நிபந்தனை வைத்திருந்தார். "மூணு அமாவாசை சைட்டு படுக்காம நிக்கட்டும், நீ அங்கயே இரு. படுத்துச்சுன்னா அடுத்த திங்கக்கிழமை சென்னைக்கு வந்துடணும்."

இது மூன்றாவது அமாவாசை.

விக்டர் லேப்டாப்பில் சைட்டைத் திறந்தான். அழகாகத் திறந்தது. வேறொருவனாக இருந்தால் அத்தோடு நிம்மதியாகியிருப்பான். ஆனால், "என் மெஷின்ல ஓடுதே" என்று சொல்லித் தப்பிப்பவர்களைக் கண்டாலே விக்டருக்கு ஆகாது. அந்த வார்த்தை தன் வாயில் வருவதற்குப் பதில் வேலையையே விட்டுவிடலாம் என்று நினைக்கிற ஜாதி அவன்.

எனவே வெப் சர்வரை நிறுத்தித் திரும்பக் கிளப்பினான்.

"இப்பப் பாருங்க சார்."

"சுத்துதுப்பா!"

சர்வரில் எவ்வளவு பளு ஏறியிருக்கிறது என்று பார்த்தான். அது ஈ ஓட்டிக்கொண்டிருந்தது.

"இன்னாங்க, மூஞ்சி ஒரு மாதிரியா இருக்குது?" என்று பரீட்சைப் பேப்பர் திருத்திக்கொண்டிருந்த அமுதா நிமிர்ந்தாள்.

"மலையனூர்ல லட்சம் ஜனம் நிக்குது. இங்க சர்வர் சும்மா குந்திக்கினு இருக்குது. அப்டின்னா இன்னா அர்த்தம்? ஒருத்தரும் உள்ள வர முடியல. வாசல்ல எவனோ மறிக்கிறான்."

"எவன்?"

"ஃபயர்வால்."

மலையனூர்க் கூட்டத்தைச் சர்வரில் ஏறும் எண்ணிக்கையாக மட்டுமே விக்டர் அறிவான். அமாவாசைக்கு அந்தப் பக்கம் ஒருநாளும் போனதில்லை. அதனால் தன் கண்டுபிடிப்பு அவனுக்கு மிகவும் பிடித்துப்போனது. உடனே ஃபயர்வாலில் கைவைத்தான். முதலில் எல்லாக் கதவையும் சாத்த வேண்டும், பிறகு வேண்டிய கதவை மட்டும் திறக்க வேண்டும். முதல் பாதி முடிந்தவுடனேயே விரல் எண்டரைத் தட்டிவிட்டது.

சாத்திய கதவுகளில் அவன் உள்ளே நுழைந்திருந்த கதவும் ஒன்று. திரை அப்படியே உறைந்தது. இப்போது அவன் லேப்டாப்பிலும் சைட்டு திறக்காமல் வட்டம் சுற்றியது.

"பாத்தியா? சார் சொன்னது நெஜம்தான். தொறக்கல!" என்றான் விக்டர், ஏதோ ஜெயித்தவனைப் போல.

உள்ளே போக இன்னும் ஒரு வழி இருந்தது. சர்வரை வாடகைக்கு விட்டவர்களின் இணையப் பக்கத்தில் பாஸ்வேர்டு போட்டு நுழையலாம். மறக்கவே கூடாது என்று அதற்குத் தன் கல்யாணத் தேதியைப் பாஸ்வேர்டாக வைத்திருந்தான்.

இருபத்திரண்டு என்று அடித்தான். தவறு. இருபத்து நான்கு என்று அடித்தான். அதுவும் தவறு. இன்னும் ஒரே ஒரு வாய்ப்பு என்றது திரை.

"அமுதா," என்று குழைந்தான், "நம்ம கல்யாணத்தன்னிக்கி இன்னா கெழம?"

"கெழம எதுக்கு? தேதி வேணுமா?"

"சே சே, தேதி எனக்குத் தெரியாதா?"

"சொல்லுங்க பாப்போம்."

விக்டர் ஜன்னல் வழியே ராஜகிரியைப் பார்த்தான். மலை உதவி செய்யவில்லை.

"இருபத்தி மூணு," என்றாள் அமுதா. சிவப்புப் பேனாவால் ஏதோ ஒரு பையனின் பேப்பரில் ஓங்கிப் பெருக்கல் குறி போட்டாள். அந்தக் குறி அந்தப் பையனுக்கானது அல்ல என்று விக்டருக்கு நன்றாகவே புரிந்தது.

உள்ளே போய்க் கதவுகளைத் திறந்தான். சைட்டு மீண்டும் அழகாகத் திறந்தது. போன் அடித்தது.

"இன்னும் சுத்துது விக்டர்! நான் ஆறு மணி பஸ் ஏறப்போறேன். அதுக்குள்ள வரலன்னா..."

லைன் கட்டாகிவிட்டது. மிச்சத்தைச் சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை.

கடைசி ஆயுதம் ஒன்றுதான் பாக்கி. சர்வரையே அணைத்துப் போடுவது. நானூற்றுப் பன்னிரண்டு நாளாக ஒரு நிமிடம்கூட நிற்காமல் ஓடிய மெஷின் அது. விக்டர் கண்ணை மூடிக்கொண்டு ரீபூட் கொடுத்தான்.

நானூற்றுப் பன்னிரண்டு நாள் கழித்து எழுந்த சர்வர், வேலைக்குப் போகும் முன் தன் டிஸ்க் முழுவதையும் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளலாம் என்று முடிவெடுத்தது. இரண்டு சதவீதம் என்றது திரை. டீ குடித்துவிட்டு வந்து பார்த்தான். ஐந்து சதவீதம். நடுவில் நிறுத்தினால் டேட்டா போய்விடும்; முடியும்வரை சைட்டு யாருக்கும் திறக்காது.

"இது எப்ப முடியும்?" என்று கேட்டாள் அமுதா.

"ராத்திரி ஆயிடும்."

அவள் பேனாவை மூடிவைத்தாள். தேதிக் கோபம் எங்கோ போயிருந்தது. "திங்கக்கெழமையே போவணுமா?" என்று கேட்டு அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். வாழ்க்கையில் முதல் தடவையாக அவனுக்கு, அந்தச் சர்வரை ஓட்டும் லினக்ஸ் பிடிக்காமல் போனது.

ஆறே காலுக்குப் போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டான். குரல் இப்போது தெளிவாக வந்தது. பின்னால் பஸ் உறுமிக்கொண்டிருந்தது.

"நானும் ரெண்டு மணி நேரமா பாத்துட்டேன். பஸ் ஏறுற வரைக்கும் தொறக்கல. பெட்டியக் கட்டு விக்டர்."

"சார், நான் இன்னா சொல்றன்னா..."

திரையில் ஒன்பது சதவீதம். அதற்குள் முதலாளியின் பக்கத்திலிருந்து கண்டக்டரின் குரல் குறுக்கிட்டது.

"அதுக்கா சார் அந்தப் புள்ளையத் திட்டறீங்க? அமாவாசைன்னா மலையனூர்ல எவன் போன்லயும் நெட்டு வராது சார், அவ்ளோ ஜனம்! உங்க சைட்டு மேல ஒரு கொறையும் இல்ல. இதோ கூட்டத்தத் தாண்டி வளத்தி ஊரு வந்துட்டுது, இப்பத் தொறந்து பாருங்க, பிச்சிக்கினு ஓடும்!"