நடுத்தண்ணீரில் ஒரு நியாயம்

இந்த ஞாயிற்றுக்கிழமை மனைவியைப் பேசி ஜெயித்தே தீருவது என்று ஆபீசில் கணக்கெழுதும் கிராணி பாக்கியநாதன் முடிவு செய்துவிட்டார்.

விவகாரம், வீட்டின் முன்னறை. நண்பர்களோடு சீட்டாட அவருக்கு அது வேண்டும். தையல் மெஷின் போட மார்த்தாவுக்கு அது வேண்டும். நியாயம் தன் பக்கம்தான் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அதைச் சொல்ல வாயைத் திறந்தால், "அடுப்புல குழம்பு கொதிக்குது" என்று அவள் உள்ளே போய்விடுவாள். ஒரு மாதமாக அந்தக் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது.

குழம்பு இல்லாத இடம் எது? மலையடிவாரத்தில் ஓடையை மறித்துக் கட்டிய நீர்த்தேக்கம்! ஞாயிறு மாலையானால் பாதிப் பினாங்கு அதன் கரையில்தான் காற்று வாங்கும். காவல்காரர் யூசுப்பிடம் வாடகைக்கு ஒரு சம்பான் படகு உண்டு. நடுத்தண்ணீரில் நிறுத்திவிட்டால் மார்த்தா எந்த அடுப்புக்கு எழுந்து போவாள்?

பிள்ளைகளை அடுத்த வீட்டில் விட்டுவிட்டு இருவரும் கிளம்பினார்கள்.

"துடுப்புப் போடத் தெரியுமா, கிராணி ஐயா?" என்றார் யூசுப்.

"என் மாமனாரு துறைமுகத்துல பெரிய ஆளு லா!"

மாமனார் துறைமுகத்தில் தோணி ஓட்டியவர். வெளியாட்களிடம் பாக்கியநாதன் அவ்வளவு தூரம் விவரிப்பதில்லை.

சம்பான் இரண்டு தடவை கரையிலேயே முட்டியது. பிறகு நண்டு மாதிரிப் பக்கவாட்டில் நகர்ந்து, எப்படியோ நடுவுக்கு வந்தது. அவர் தொண்டையைச் செருமினார்.

"மார்த்தா, முன்னறை விஷயம்..."

"எப்படி வேர்க்குது பாருங்க. துடுப்பை இப்படிக் குடுங்க." வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள். "ம், சொல்லுங்க."

சொன்னார். மூச்சு விடாமல் சொன்னார். அவள் குறுக்கே பேசவே இல்லை. இவ்வளவு சுலபமா என்று அவருக்கே ஆச்சரியம்.

"முடிஞ்சிச்சா?"

"முடிஞ்சிச்சு."

"அப்ப நான் பேசலாம். வீட்டுல நான் வாயைத் தொறந்தா, 'ஆபீசுக்கு நேரமாச்சு'ன்னு சைக்கிளை எடுத்துடுவீங்க. இங்க சைக்கிள் இல்ல பாருங்க."

கல்யாணத்தன்று கோயில் வாசலில் அவருடைய அக்கா சேலையைக் குறை சொன்னதில் ஆரம்பித்தாள். மூத்தவன் ஞானஸ்நான விருந்துக்குத் தன் சித்தப்பாவை அவர் அழைக்க மறந்ததற்கு வந்து சேர்வதற்குள், சூரியன் மலைக்குப் பின்னால் போய்விட்டது.

"இருட்டுது மார்த்தா. கரைக்குப் போவோம்."

"போலாமே. முன்னறை?"

பாக்கியநாதன் தண்ணீரைப் பார்த்தார். அவருக்கு நீச்சல் தெரியாது.

"தையல் மெஷினுக்குத்தான்."

தோணிக்காரர் மகள் துடுப்பைப் போட்டாள். சம்பான் கோடு கிழித்த மாதிரி நேராகப் போயிற்று. முந்தானை காற்றில் பறக்க அவள் துடுப்பு வலிக்கும் அழகைப் பார்த்தபோது, முன்னறை போனதுகூட அவருக்குப் பெரிதாகத் தோன்றவில்லை. நம் பெண்டாட்டிதானே என்று பெருமையாக இருந்தது. எப்படியோ, விவகாரம் இன்றோடு தீர்ந்ததே!

கரையில் இறங்கியதும் மார்த்தா யூசுப்பிடம் சொன்னாள்:

"அண்ணே, அடுத்த ஞாயிறும் சம்பானை எங்களுக்கே வச்சிருங்க. இன்னைக்கு மூத்தவன் ஞானஸ்நானம் வரைக்குந்தான் பேசியிருக்கேன். இன்னும் நாலு பிள்ளைங்க பாக்கி."