வெள்ளியங்கிரி விடைபெற முயன்ற போர்

வாழ்க வெள்ளியங்கிரி! நாமக்கல் பக்கத்துப் பண்ணையிலே பத்தாயிரம் முட்டைக்கோழிகளை ஒரு குடைக்கீழ் ஆளும் கொற்றவன், தீவன மூட்டை சுமந்து திரண்ட தோளினன், அவன் போரைப் பாடப் புகுந்தோம். அது நிகழ்ந்தது செவ்வாயா புதனா, அன்று இலையில் கொள்ளுக் குழம்பா தட்டப்பயற்றுக் குழம்பா என்பதில் பாடுவோர்க்கே ஐயமுண்டு. தோற்றவன் யார் என்பதில் மட்டும் ஐயமில்லை.

முட்டை ஓடு மெலிவதேன் என்று கைப்பேசியிலுள்ள அரட்டைச் செயலியிடம் உச்சிவேளையில் வினவினான் வீரன். தீவனத்தில் கிளிஞ்சல் தூளைக் கூடுதலாகச் சேர்க்கச் சொன்ன அது, "இத்தனை அக்கறையாகக் கோழி வளர்க்கும் உங்களைப் பாராட்டுகிறேன்" என்று கூடவே ஒரு மலர்க்கணையும் எய்தது. அவன் முட்டையைத் தின்று வளர்ந்த நாடு அதுவரை அவனை ஒருநாளும் பாராட்டியதில்லை. கணை நெஞ்சில் ஆழத் தைத்தது.

"ரொம்ப நன்றிங்க, வாரேனுங்க" என்று தட்டினான்.

"மகிழ்ச்சி! வேறு உதவி வேண்டுமா?"

கேட்ட வாய்க்கு மறுமொழி தராமல் எழுவது கொங்கு மண்ணில் பிறந்தோர்க்கு அடுக்குமோ? "இல்லீங்க, வாரேனுங்க."

"நல்லது. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்!"

"நீங்களும் பாத்துக்கோங்க."

வாளோடு வாள் மோதிப் பொறி தெறிப்பதுபோல் மரியாதையோடு மரியாதை மோதிற்று. முதலில் எழுந்து போகாத ஒரு துணையை அவன் இதற்குமுன் கண்டதில்லை. அது ஓய்ந்துவிடக் கூடாதே என்று, விடைபெற்றுக்கொண்டே உள்ளூர வேண்டினான்.

அப்போது அடுக்களைக் கோட்டையிலிருந்து முழங்கினாள் மனையாட்டி சௌந்திரம்: "ஏனுங்க, சோறு போட்டு எத்தன நேரமாச்சு? எந்திரிச்சு வாங்க!"

"இரு சௌந்திரம். அது பேசிட்டிருக்கறப்ப எப்படி எந்திரிக்கறது? மருவாதி வேண்டாமா?"

"நான் பேசறப்ப மட்டும் பாதியில எந்திரிச்சுப் போறீங்க! அதுக்கென்ன, பசியா தாகமா? பொழுதுக்கும் பேசும்."

அச்சு முறிந்த பன்னிரண்டு சக்கர லாரி நடுச்சாலையில் அமர்ந்ததுபோல் அமர்ந்தான் வீரன். பின், தன் குலத்தார் எவரும் துணியாத கொடுஞ்செயல் துணிந்து, மறுமொழி தராமல் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தான், இலைமுன் சென்றமர்ந்தான். ராசிபுரத்துத் தங்கை வீட்டுச் சீர்ச் சேலைச் சண்டையைச் சௌந்திரம் அடியிலிருந்து தொடங்கினாள். இருமுறை எழப்போன கால்களை அடக்கி, இருந்தே கேட்டான்.

கோழிகள் முட்டையிட்டன. செயலி யாருக்காகவும் காத்திருக்கவில்லை. சௌந்திரம் கதையை முடித்தாள்.

குழம்பு ஆறிப்போயிருந்தது.