பாஸ்போட் அண்ணையும் மலையூர் வைரவரும்

லண்டனில் கவுன்சிலை நம்பாதவர்கள் உண்டு, வானிலை அறிக்கையை நம்பாதவர்கள் நிறையவே உண்டு. தன் கழுத்தில் தொங்கிய துணிப்பையைத் தவிர இந்த உலகத்தில் எதையுமே நம்பாத மனிதர் ஒருவரை நான் பிளேஸ்டோவில் மட்டும்தான் கண்டேன். எங்கள் பக்கத்து வீட்டுக்காரர். தாய் தகப்பன் வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருக்கத்தான் வேண்டும். தெருவில் யாருக்கும் அது தெரியாது. பாஸ்போட் அண்ணை என்றால்தான் தெரியும்.

பையில் இருந்தது அவருடைய பிரிட்டிஷ் பாஸ்போட். பால் வாங்கப் போனாலும் அதுவும் கூடப் போகும். மகளின் கலியாணப் படங்களில் பட்டுச் சட்டைக்குள் ஒரு சதுரம் துருத்திக்கொண்டு நிற்கும். ஒருமுறை ஸ்கான் எடுக்கப் போனபோது உடம்பில் உள்ளதையெல்லாம் கழற்றச் சொன்னார்களாம். மோதிரம், கண்ணாடி, கட்டுப்பல் வரைக்கும் கழற்றிக் கொடுத்துவிட்டு, மனுசன் பையை மட்டும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாராம். "என்னைத் தொலைச்சாலும் பேசாமல் இருப்பார். அதை நான் தொட்டால் வீடு அதிரும்" என்பார் அவருடைய மனைவி.

காரணம் எங்கள் எல்லோருக்கும் தெரியும். முப்பது வருடத்துக்கு முன்னர், யாழ்ப்பாணத்திலிருந்து புறப்பட்டவரை லண்டனுக்கு அனுப்புவதாகக் காசு வாங்கிய ஏஜென்சிக்காரன் ஒருவன் பாங்கொக்கில் ஒரு அறையில் இறக்கினான். "ஸ்டாம்ப் அடிச்சுக்கொண்டு பத்து நிமிசத்தில வாறன்" என்று பாஸ்போட்டை வாங்கிப் போனவன் இன்றுவரை வரவில்லை. பொலிசுக்குப் பயந்து, சன்னல் சீலையை இழுத்து மூடிக்கொண்டு, எட்டு மாதம் அந்த அறைக்குள் கிடந்தார். பிறகு எப்படியோ லண்டன் வந்து, குரோய்டனில் இருக்கிற குடிவரவு அலுவலகத்துக்கு நடையாய் நடந்து, பல வருடம் கழித்துத்தான் கையில் ஒரு பாஸ்போட் கிடைத்தது. அன்று கழுத்தில் ஏறிய பை அது.

அப்படிப்பட்டவர் போன கார்த்திகையில் என் கதவைத் தட்டி, "தம்பி, தாய்லாந்துக்கு ஹொலிடே போவமே?" என்று கேட்டபோது எனக்குத் தேநீர் புரைக்கேறிவிட்டது.

"விசரே அண்ணை உங்களுக்கு? அந்த நாட்டுக்கோ?"

"எட்டு மாதம் இருந்த நாடடா. நான் பாத்தது ஒரு சீலையை மட்டும்தான். சாகமுன்னம் ஒருக்கா வெளிச்சத்தில பாக்கோணும்."

அவருடைய மனைவிக்கு முழங்கால் வருத்தம். நான்தான் கூடப் போனேன்.

வடக்கே, சியாங் மாய் நகரத்திலிருந்து மலைக்கு மினி பஸ்ஸில் நான்கு மணி நேரம். வளைவுகளை எண்ணத் தொடங்கி, பாதியில் கைவிட்டேன். இரண்டு பக்கமும் தேக்கங்காடு, படிகளாக இறங்கும் நெல்வயல், மூங்கில் புதருக்கு மேலே தங்க முலாம் பூசிய விகாரைக் கோபுரம். அண்ணை ஒன்றையும் பார்க்கவில்லை. ஒரு கை நெஞ்சில், இரண்டு கண்ணும் பக்கத்துச் சீற்றுக்காரன் மேல். இதற்கோ இவ்வளவு தூரம் வந்தோம் என்று எனக்கு எரிச்சல்தான் வந்தது.

விடுதிக்கார அம்மாவுக்கு அறுபது வயதிருக்கும். கும்பிட்டு வரவேற்றார், தேநீர் தந்தார், என் பாஸ்போட்டை வாங்கிக்கொண்டு அண்ணையிடமும் கையை நீட்டினார். பதிவுக்குக் கொப்பி எடுக்க வேண்டும், மெஷின் கீழே கடையில் இருக்கிறது. "டென் மினிட்" என்று சிரித்தார்.

அண்ணையின் முகம் செத்துப்போனது. சூட்கேசைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்ப் படியில் குந்திவிட்டார். "எனக்கு ரூம் வேண்டாம் தம்பி. நான் இதிலையே கிடக்கிறன்."

நான் அந்த அம்மாவுக்கு விசயத்தைச் சொன்னேன். பாதி ஆங்கிலம், பாதி நடிப்பு. ஏஜென்சிக்காரனாகவும் நானே நடித்தேன். கேட்டு முடித்தவர் போனை எடுத்துக்கொண்டு போய், அண்ணையையே பாஸ்போட்டை விரித்துப் பிடிக்கச் சொல்லிப் படம் எடுத்தார். பதிவுக்குப் போன படத்தில் அவருடைய இரண்டு பெருவிரலும் இருக்கின்றன.

மறுநாள் பக்கத்து அருவிக்குப் புறப்பட்டோம். வழி ஓடைக்குள்ளால். தண்ணீர் நெஞ்சளவு வரும் என்றார்கள். "நீ போட்டு வா. நான் இதுக்குக் காவல் இருக்கிறன்" என்றார் அண்ணை. அந்த அம்மா அவருடைய சட்டைக் கையைப் பிடித்து முற்றத்து மூலைக்குக் கூட்டிப் போனார். அங்கே ஒரு தூணின் மேல் பொம்மை வீடு மாதிரிக் குட்டிக் கோயில். மல்லிகை மாலை, ஊதுபத்தி, ஸ்ட்ரோ போட்டு வைத்த சிவப்புச் சோடா. அந்தக் காணியைக் காக்கிற தெய்வமாம். பையைக் காட்டி, கோயிலைக் காட்டி, "ஹி லுக். ஆல் டே" என்றார்.

அண்ணை வாயைப் பிளந்தார். காணி மூலையில் நின்று காவல் காக்கிறவரை யாழ்ப்பாணத்தானுக்குத் தெரியாதா?

"தம்பி! இது எங்கட வைரவரடா!"

"அண்ணை, இவர் சோடா குடிக்கிறார்."

"தாகத்துக்குக் குடிக்கிறார். உனக்கென்ன?"

பையைக் கழற்றினார். கோயிலுக்குள் வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார். "வைரவரே, வடைமாலை சாத்துவன். பாத்துக்கொள்ளும்."

முதல் வளைவு வரைக்கும் ஏழு தரம் திரும்பிப் பார்த்தார். அதற்குப் பிறகு பார்க்கவில்லை. ஓடையில் சின்னப் பிள்ளை மாதிரித் தண்ணீரை அடித்துக்கொண்டு நடந்தார். அருவிக்கு முன்னால் வெகுநேரம் நின்றார்.

"இவ்வளவு பச்சையோடா இந்த நாடு? இதுக்குள்ளயோ நான் சீலையைப் பாத்துக்கொண்டு கிடந்தனான்?"

அழுதார். எனக்கும் அழுகை வந்துவிட்டது.

பின்னேரம் வந்து பார்த்தால் பை வைத்த இடத்திலேயே இருந்தது. உழுந்துக்கு அங்கே எங்கே போவது? சந்தையில் கிடைத்த பாசிப்பருப்பை ஊறப்போட்டு, அந்த அம்மாவின் குசினியில் அண்ணையே வடை சுட்டுக் கோர்த்துச் சாத்தினார். இரண்டு வடை உதிர்ந்து சோடாவுக்குள் விழுந்தன. வைரவர் கோபிக்கவில்லை. அந்த அம்மா நான்கு வடை சாப்பிட்டுவிட்டுச் செய்முறை கேட்டார்.

அதோடு மனுசன் திருந்திவிட்டார் என்று நினைக்காதீர்கள். அடுத்த நாளே பை கழுத்தில் ஏறிவிட்டது.

திரும்பும் நாள், பாங்கொக் விமான நிலையம். அதே ஊர். கழிப்பறை வாசலில் நின்றவர், சட்டென்று பையைக் கழற்றி என் கையில் வைத்தார்.

"பிடி தம்பி. பத்து நிமிசத்தில வாறன்."

உள்ளே போய்விட்டார். கட்டிய மனைவி தொட முடியாத பை என் கையில் இளஞ்சூடாக இருந்தது. இதைவிடப் பெரிய மரியாதையை எனக்கு இதுவரை யாரும் செய்யவில்லை. எனக்கும் அவசரமாகப் போகவேண்டித்தான் இருந்தது. ஆனாலும் அண்ணை வரும்வரை நின்ற இடத்தை விட்டு ஓரடி அசையாமல், வடையும் இல்லாமல் சோடாவும் இல்லாமல், வைரவராக நின்றேன்.